ரீஸ்டார்ட் போட்டால் போதாதா? ஆன்சிபிளில் சர்வீஸை நிறுத்துவதும் கிளப்புவதும்

09.05.2025, இரவு 10:20

பல லினக்ஸ் பெட்டிகளை ஓரிடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள உதவும் கருவி ஆன்சிபிள். பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு பிளேபுக், அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். சர்வீஸ் என்பது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். ஓசூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டது:

"பிளேபுக்கின் கடைசியில் எல்லா சர்வீஸுக்கும் ரீஸ்டார்ட்டட் என்று ஒரே டாஸ்க் போட்டு முடித்துவிடுகிறேன். ஹேண்ட்லர், நோட்டிஃபை என்று சுற்றி வளைப்பது எதற்கு? நின்றால் மூன்று நொடி நிற்கும், அவ்வளவுதானே?"

நான் வேலை செய்யும் இடத்தைச் சொன்னால் என் பதில் புரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. ஊரில் பல்ப் கம்பெனி என்றுதான் சொல்வோம். மொத்தம் 17 லினக்ஸ் பெட்டிகள். எடை மேடைக்கு ஒன்று, குளிர்கிடங்கின் வெப்பநிலையைப் பதிய நான்கு, பில்லுக்கு, சோதனைக்கூடத்துக்கு என்று மீதி. எல்லாவற்றையும் ஆன்சிபிளில்தான் பார்த்துக்கொள்கிறேன். மே பிறந்துவிட்டால் ஜூலை வரை பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து இறங்கும்.

எடை மேடையில் நடப்பது இதுதான். லாரி ஏறும், முழு எடை விழும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்து ஏறும், அந்த எடையும் விழும். கழித்து வருவதுதான் விவசாயிக்குக் காசு. எடை காட்டும் கருவியிலிருந்து ஒரு சீரியல் ஒயர் பெட்டிக்கு வருகிறது. அதைப் படிப்பது நாங்களே எழுதிய ஒரு சர்வீஸ். லாரி மேடையில் நிற்கும்போது அதை ரீஸ்டார்ட் செய்தால் படித்துக்கொண்டிருந்த எடை போய்விடும். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி மறுபடி ஏற்ற வேண்டும். பின்னால் இருபது வண்டி நிற்கும்போது ஒரு லாரியைப் பின்னால் எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வந்து பார்த்தால் தெரியும். சர்வீஸ் நிற்பது மூன்று நொடிதான். வரிசை நிற்பது கால் மணி நேரம்.

இனி கருவியின் பக்கம். ஆன்சிபிளில் ஸ்டார்ட்டட் என்றால் ஓடாமல் இருந்தால் கிளப்பு, ஓடினால் தொடாதே. ஸ்டாப்டு அதற்கு நேர் எதிர். இரண்டையும் எத்தனை முறை ஓட்டினாலும் தொல்லை இல்லை. ரீஸ்டார்ட்டட் அப்படியில்லை, கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கிளப்பும். பிளேபுக்கை நாளுக்கு நாலு தடவை ஓட்டினால் நாலு தடவை விழும். இன்னொரு இழப்பும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் மஞ்சளில் சேஞ்ச்டு என்று வந்துகொண்டே இருந்தால், உண்மையிலேயே ஒன்று மாறிய நாளில் அந்த மஞ்சளைக் கண் பார்க்காது.

அதனால்தான் ஹேண்ட்லர். வேறொரு டாஸ்க் கூப்பிட்டால் மட்டும் ஓடும் தனி டாஸ்க் அது, அப்படிக் கூப்பிடுவதுதான் நோட்டிஃபை. கான்ஃபிக் கோப்பு, அதாவது சர்வீஸ் கிளம்பும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு, மாறினால் மட்டும் அது கூப்பிடப்படும். ஐந்து டாஸ்க் கூப்பிட்டாலும் பிளேயின் (பிளேபுக்கின் ஒரு பகுதி) முடிவில் ஒரே ஒரு முறைதான் ஓடும்.

10.05.2025, காலை 7:05

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு, ஹேண்ட்லரை இவ்வளவு புகழ்ந்தது பாதி உண்மைதான் என்று தோன்றியது. ஹேண்ட்லரால் போன வருடம் பட்டதையும் சொல்ல வேண்டும்.

2024 மே மாதம். எடை மேடைப் பெட்டியில் சீரியல் ஒயர் ஒரு யூஎஸ்பி மாற்றி வழியாகப் போகிறது. பெட்டி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த யூஎஸ்பிக்கு வேறு எண் விழக்கூடும் என்பதால், கருவியின் சீரியல் எண்ணை வைத்து வரும் நிலையான பெயருக்கு மாற்றினேன். கான்ஃபிக் கோப்புக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்டைத் திருத்தி பிளேபுக்கை ஓட்டினேன். டெம்ப்ளேட் டாஸ்க் முடிந்தது, சேஞ்ச்டு. அடுத்த டாஸ்க் ஒரு பேக்கேஜை, அதாவது மென்பொருள் தொகுப்பை, நிறுவுவது. அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. டாஸ்க் சிவப்பு.

அரை மணி கழித்து நெட் வந்ததும் மறுபடி ஓட்டினேன். சிவப்பு எங்கும் இல்லை. சரி, வேலை முடிந்தது என்று மூடிவிட்டேன்.

நடந்தது என்ன? முதல் ஓட்டத்தில் டெம்ப்ளேட் மாறி ஹேண்ட்லருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த மெஷினில் பிளே பாதியில் விழுந்ததால் ஹேண்ட்லர் ஓடவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் கோப்பு ஏற்கெனவே புதிதாக இருக்கிறது, ஆகவே மாற்றம் இல்லை, ஆகவே நோட்டிஃபை இல்லை. டிஸ்க்கில் புதுக் கான்ஃபிக், ஓடும் புரோசஸில் பழைய கான்ஃபிக். இப்படியே பதினோரு நாள் போனது.

பன்னிரண்டாம் நாள் மாதாந்திர மின் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஆலைக்கு ஜெனரேட்டர் உண்டு, வாசல் பக்கத்து எடை மேடை அறைக்கு அப்போது இழுத்திருக்கவில்லை. யூபிஎஸ் முக்கால் மணி தாங்கி அணைந்தது. ஆட்கள் உள்ளேயிருந்து ஒயர் இழுத்துவந்து பெட்டியைக் கிளப்பினார்கள். அப்போதுதான் அந்தப் புதுக் கான்ஃபிக் முதல் முறையாகப் படிக்கப்பட்டது. நான் எழுதியிருந்த பெயரில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது.

எடை மேடை அண்ணன் போன் செய்தார். "தம்பி, பொட்டி ஆன் ஆயிடுச்சு, எடை மட்டும் வரல." அன்றைக்கு வாசலில் 14 வண்டி. காவேரிப்பட்டணத்திலிருந்து விடியற்காலையே வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் காய் வெந்துகொண்டிருக்கிறது. நான் ஒயரைப் பார்த்தேன், யூபிஎஸ்ஸைப் பார்த்தேன், யூஎஸ்பி மாற்றியைக்கூட மாற்றிப் பார்த்தேன். அன்றைக்கு யாரும் எதையும் தொடவில்லை என்பதால் கான்ஃபிக் பக்கம் புத்தியே போகவில்லை. ஐம்பது நிமிடம் ஆனது.

அதிலிருந்து மூன்று பழக்கம். ஒன்று, கான்ஃபிக் டாஸ்க்குகள் முடிந்த கையோடு ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ் என்று ஒரு மெட்டா டாஸ்க் வைத்துவிடுவேன். காத்திருக்கும் ஹேண்ட்லர்கள் அங்கேயே ஓடிவிடும், பிளேயின் முடிவுவரை தொங்காது. இரண்டு, ஓட்டும்போது ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் கொடுப்பேன். நடுவில் டாஸ்க் விழுந்தாலும் ஹேண்ட்லர் ஓடும். மூன்று, ஹேண்ட்லர்கள் நோட்டிஃபை செய்த வரிசையில் ஓடும் என்பதால் டேட்டாபேஸை முதலில் நோட்டிஃபை செய்வேன்.

10.05.2025, இரவு 9:40

காலையில் எழுதிய மூன்றில் இரண்டைத் திருத்த வேண்டும். பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி.

வரிசை விஷயத்தில் நான் எழுதியது தவறு. ஹேண்ட்லர்கள் ஓடுவது நோட்டிஃபை செய்த வரிசையில் இல்லை, ஹேண்ட்லர்ஸ் பகுதியில் எழுதப்பட்ட வரிசையில். என் பிளேபுக்கில் இரண்டும் தற்செயலாக ஒன்றாகவே இருந்ததால் இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. டேட்டாபேஸ் முதலில், அப்புறம் அதை நம்பியிருக்கும் ஆப் என்று வேண்டுமானால் ஹேண்ட்லர்களை அந்த வரிசையில் எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ். தம்பி கேட்டார்: "அண்ணா, கான்ஃபிக் ரெண்டு கோப்புல இருக்கு. முதல் கோப்பு மாறி, ரெண்டாவது எழுதறப்போ டாஸ்க் விழுந்தா, பாதிக் கான்ஃபிக்கோட ரீஸ்டார்ட் ஆகாதா?" ஆகும். ஓடிக்கொண்டிருந்த நல்ல சர்வீஸை நாமே நிறுத்தி, அரைகுறைக் கோப்போடு கிளப்பியதாகிவிடும். இன்று மாலை அதை நீக்கிவிட்டேன். ஃப்ளஷ் மட்டும் வைத்திருக்கிறேன், ஒரு சர்வீஸுக்கான எல்லாக் கோப்புகளும் எழுதி முடித்த இடத்தில்.

கூடவே வேலிடேட். போன வருடம் இது இருந்திருந்தால் அந்த ஐம்பது நிமிடமே இல்லை. டெம்ப்ளேட்டுக்கு வேலிடேட் கொடுத்தால், புதுக் கோப்பு முதலில் அந்த மெஷினிலேயே தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, நாம் கொடுத்த கட்டளை அதைப் படித்துச் சோதிக்கும். தேறினால்தான் உண்மையான இடத்துக்குப் போகும். தேறாவிட்டால் பழைய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், ஹேண்ட்லரும் கூப்பிடப்படாது. யாருக்கு நிர்வாகி உரிமை என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்புக்கு விசுடோ, தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் சர்வருக்கு அதன் சொந்தச் சோதனை ஆப்ஷன் என்று ஏற்கெனவே இருக்கின்றன. எங்கள் எடை மேடை நிரலுக்கு நானே ஒன்று சேர்த்தேன்: கான்ஃபிக்கைப் படி, அதில் சொன்ன சீரியல் போர்ட் இருக்கிறதா பார், இல்லையென்றால் பிழையோடு வெளியேறு. இருபது வரிகூட இல்லை.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு மட்டும் கவனம். தனித்தனி சைட் கோப்பை வேலிடேட்டில் கொடுத்தால் அது தேறாது. அந்தக் கோப்பு முழுக் கான்ஃபிக்கின் ஒரு துண்டுதான், சர்வர் பிளாக் தனியாக நின்றால் என்ஜின்எக்ஸ் ஏற்காது. கோப்பை எழுதிவிட்டு, முழுக் கான்ஃபிக்கையும் சோதிக்கும் டாஸ்க்கைத் தனியாக வைத்து, அதற்குப் பிறகு ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், சர்வீஸை நிறுத்தாமலே கான்ஃபிக்கை மறுபடி படிக்கவைக்கும் ரீலோட் போதும். ரீலோடில் கான்ஃபிக் தவறாக இருந்தாலும் பழைய வொர்க்கர் புரோசஸ்கள் பழைய கான்ஃபிக்கோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

11.05.2025, காலை 6:30

விட்டுப்போனது: மாறிய கோப்பு கான்ஃபிக் இல்லை, லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டிக்கு ஒரு சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் கோப்பே என்றால், ரீஸ்டார்ட் மட்டும் போதாது. டீமன் ரீலோட் வேண்டும், அதாவது யூனிட் கோப்புகளை மறுபடி படி என்று சிஸ்டம்டிக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டம்டி தன் நினைவில் இருக்கும் பழைய யூனிட்டை வைத்தே கிளப்பும். ஆன்சிபிளின் சிஸ்டம்டி மாட்யூலில் அதற்கென்றே ஓர் ஆப்ஷன் இருக்கிறது, ஹேண்ட்லரிலேயே சேர்த்துவிடலாம்.

13.05.2025, இரவு 11:15

இன்றைக்குப் பட்டதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

மதியம் பில் போடும் அறையிலிருந்து கூப்பிட்டார்கள், "சார், பில் சுத்திக்கிட்டே இருக்கு." பில் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், உபுண்டு லினக்ஸ் 22.04-இல் வரும் 14ஆம் பதிப்பு. உடனே பிளேபுக்கை ஓட்டினேன். போஸ்ட்கிரெஸ் ஸ்டார்ட்டட்: பச்சை, ஓகே. சரி, டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு நெட்வொர்க்கில் என்று ஸ்விட்ச்சைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஸ்விட்ச்சில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து அந்தப் பெட்டியிலேயே லாகின் செய்து ஸ்டேட்டஸ் பார்த்தேன். ஆக்டிவ் என்று பச்சையில் வந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு சொல்: எக்ஸிட்டட். அதாவது யூனிட் ஆக்டிவ், ஆனால் அதன் புரோசஸ் ஓடி முடிந்து போய்விட்டது.

விஷயம் இதுதான். டெபியன் லினக்ஸிலும் உபுண்டுவிலும் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரில் இருக்கும் சர்வீஸ் உண்மையான டேட்டாபேஸ் இல்லை. ஒரே மெஷினில் பல பதிப்பு, பல கிளஸ்டர் (தனித்தனி டேட்டாபேஸ் தொகுதி) ஓட்டலாம் என்பதால், அவை எல்லாவற்றுக்கும் மேலே குடை போல ஒரு யூனிட் வைத்திருக்கிறார்கள். அது தனக்கென்று ஓட்டும் கட்டளை ட்ரூ. எதுவும் செய்யாமல் வெற்றி என்று சொல்லிவிட்டு முடியும் கட்டளை அது. முடிந்த பிறகும் யூனிட் ஆக்டிவாகவே இருக்கும். உண்மையான டேட்டாபேஸ் ஓடுவது 14-மெயின் என்று பின்னொட்டு கொண்ட வேறொரு யூனிட்டில். அது விழுந்து கிடந்தது, டிஸ்க் நிரம்பியதால். குடை மட்டும் விரிந்தே இருந்தது.

ஆன்சிபிள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது குடையைப் பற்றி, அது குடையைப் பற்றிச் சொன்னது. ஆனால் அந்தப் பச்சையை நம்பி நாற்பது நிமிடம் ஸ்விட்ச் அறையில் இருந்தேன்.

இப்போது இரண்டு மாற்றம். சர்வீஸ் டாஸ்க்கில் கிளஸ்டரின் முழுப் பெயர். அதற்குக் கீழே, டேட்டாபேஸ் கனெக்ஷன் ஏற்கிறதா என்று போஸ்ட்கிரெஸோடு வரும் ரெடி சோதனையை ஓட்டும் ஒரு டாஸ்க். பழைய பதிவுகளில் நான் ஸ்டார்ட்டட் பற்றி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

14.05.2025, காலை 7:20

பெயர் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். ஒரே சர்வீஸுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வெப் சர்வர் டெபியன் பக்கம் அப்பாச்சி2, இன்னொரு லினக்ஸ் வகையான ரெட் ஹேட் பக்கம் எச்டிடிபிடி. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் டெபியனில் கிரான், ரெட் ஹேட்டில் கிரான்டி. பெயர்களை, ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் தனி மதிப்பு வைக்கும் குரூப் வேரியபிளில் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வித்தியாசம் பெயரைவிடப் பெரியது. டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவியதுமே சர்வீஸ் தானாகக் கிளம்பிவிடும், நம் கான்ஃபிக் போய்ச் சேர்வதற்கு முன்பே, வந்த கான்ஃபிக்கோடு. ரெட் ஹேட் குடும்பத்தில் பொதுவாக நாம் சொன்னால்தான் கிளம்பும். முதலில் கான்ஃபிக், அப்புறம் கிளப்பு என்று டெபியனிலும் வேண்டுமென்றால் பாலிசி ஆர்சி டி என்ற சின்ன ஸ்கிரிப்டை வைத்து 101 என்ற எண்ணோடு வெளியேறச் செய்யலாம். நிறுவும்போது கிளப்பாதே என்று அதற்குப் பொருள். வேலை முடிந்ததும் அதை நீக்க மறக்கக் கூடாது.

17.05.2025, இரவு 10:50

இதுவரை கிளப்புவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நிறுத்துவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

குளிர்கிடங்குப் பெட்டிகளில் வெப்பநிலைப் பதிவு நிரல் அளவுகளை நினைவில் சேர்த்துவைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மைய சர்வருக்கு அனுப்பும். நிறுத்தச் சொன்னால் கையில் இருப்பதை அனுப்பிவிட்டு நிற்க வேண்டும். லைன் மெதுவாக இருக்கும் நாளில் அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகும். சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் அனுப்பும், அதாவது முடித்துக்கொள் என்ற சிக்னல். இயல்பாக 90 நொடி காத்திருக்கும். அதற்குள் நிற்காவிட்டால் சிக்கில், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது போல. அப்படித் தள்ளப்பட்ட நாள்களில் எங்கள் வெப்பநிலை வரைபடத்தில் ஓட்டை விழுந்தது. குளிர்கிடங்கின் வெப்பநிலைப் பதிவில் ஓட்டை இருந்தால் சரக்கு வாங்குபவர் கேட்பார், அந்த நேரத்தில் கிடங்கு சூடாகவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று. கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. யூனிட் கோப்பில் நிறுத்தும் அவகாசத்தை 180 நொடியாக்கினேன்.

நிறுத்துவதில் மூன்று படி உண்டு. ஸ்டாப்டு என்றால் இப்போதைக்கு நில், பெட்டி மறுபடி கிளம்பினால் சர்வீஸும் கிளம்பும். எனேபிளை எடுத்துவிட்டால் பெட்டி கிளம்பும்போது வராது, ஆனால் வேறு சர்வீஸ் கூப்பிட்டால் வரும், கையால் கிளப்பினாலும் வரும். மாஸ்க் செய்தால் யார் கூப்பிட்டாலும் வராது. அதேபோல எனேபிள் மட்டும் செய்துவிட்டு ஸ்டார்ட்டட் போட மறந்தால் அடுத்த ரீபூட் வரை சர்வீஸ் இருக்காது. இரண்டையும் ஒரே டாஸ்க்கில் எழுதுங்கள், ஓடு என்பது ஒன்று, காலையில் எழுந்ததும் ஓடு என்பது இன்னொன்று.

அப்புறம் சாக்கெட், டைமர். நின்றிருக்கும் சர்வீஸை எழுப்பிவிடக்கூடிய யூனிட்கள் இவை: யாராவது இணைப்புக் கேட்டால் சாக்கெட், நேரம் வந்தால் டைமர். நிரல்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரை நிறுத்திப் பாருங்கள். கையால் நிறுத்தினால், டாக்கர் சாக்கெட் இதை மறுபடி எழுப்பக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். ஆன்சிபிள் வழியாக நிறுத்தினால் அது கண்ணில் படாது. யாராவது ஒரு டாக்கர் கட்டளை தட்டியதும் சர்வீஸ் எழுந்துவிடும். நிற்க வேண்டுமென்றால் சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும்.

18.05.2025, மதியம் 2:10

முதல் கேள்வி கேட்ட ஓசூர் நண்பரே தன் ஆலையில் நடந்ததை எழுதியிருக்கிறார். அங்கே சில பெட்டிகளில் ஆன்சிபிளுக்குப் பதில் பப்பெட் என்ற கருவி. டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து மீட்க, அதைப் பயன்படுத்தும் ஆப்பைக் கையால் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். பாதி மீட்பில் ஆப் தானாக எழுந்து பாதி டேபிள்களில் எழுதத் தொடங்கிவிட்டது.

எழுப்பியது பப்பெட்தான். பெட்டியிலேயே ஓடும் அதன் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும். ரன்னிங் என்று எழுதியிருந்தால், நின்றிருப்பதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு கிளப்பிவிடும். நீங்கள் வேண்டுமென்றே நிறுத்தினீர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆன்சிபிள் நாம் ஓட்டினால்தான் ஓடும், அதனால் எனக்கு இந்த அனுபவம் வரவில்லை. ஷெஃப் என்ற இன்னொரு கருவியின் கிளையன்ட்டைப் பின்னணியில் டீமனாக ஓட்டினாலும் இதே கதைதான், அதுவும் அரை மணி.

பப்பெட்டில் ஏஜென்ட்டைத் தற்காலிகமாக டிசேபிள் செய்யலாம், காரணத்தையும் ஒரு வரி எழுதிவைக்கலாம். அடுத்த ஆள் ஓட்டிப் பார்த்தால் அந்த வரி தெரியும். பராமரிப்புக்குப் போகும்போது முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

19.05.2025, காலை 6:45

"எந்தக் கருவி நல்லது அண்ணா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த இழைக்கு அது பெரிய கேள்வி. 1993-இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்எஞ்சின் என்ற கருவியின் காலத்திலிருந்து அடிப்படை ஒன்றுதான்: என்ன செய் என்று சொல்லாதே, எப்படி இருக்க வேண்டும் என்று சொல். 2005-இல் பப்பெட், 2009-இல் ஷெஃப், 2011-இல் சால்ட், 2012-இல் ஆன்சிபிள். சர்வீஸுக்கு எல்லாவற்றிலும் ஒரே எண்ணம், வேறு சொல். ஆன்சிபிளில் நோட்டிஃபை, ஷெஃபில் நோட்டிஃபைஸ், சால்ட்டில் வாட்ச், பப்பெட்டில் சப்ஸ்கிரைப். உங்கள் ஆலையில் எது இருக்கிறதோ அதை ஆழமாகப் படியுங்கள்.

21.05.2025, இரவு 11:30

13ஆம் தேதிப் பதிவுக்குத் திரும்பி வருகிறேன். போஸ்ட்கிரெஸ் குடை ஒரு தனிக் கதை என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை, எடை மேடை சர்வீஸிலும் அதே ஓட்டை இருக்கிறது.

எங்கள் யூனிட்டின் டைப் சிம்பிள். சிம்பிள் என்றால் புரோசஸைத் தொடங்கிவிட்ட கணமே சிஸ்டம்டி கிளம்பிவிட்டது என்று சொல்லிவிடும். நிரல் கான்ஃபிக்கைப் படித்து, போர்ட் கிடைக்காமல் ஒரு நொடியில் செத்தாலும் ஆன்சிபிளுக்குப் போன பதில் வெற்றிதான். இன்று மாலை சோதித்தேன். ஹேண்ட்லர் ஓடுவதற்காக யூனிட் கோப்பில் ஒரு வரியை மாற்றி, யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு பிளேபுக்கை ஓட்டினேன். ஹேண்ட்லர் ஓடியது, சேஞ்ச்டு, தோல்வி பூஜ்யம். எடை மேடையில் எடை இல்லை.

கூடவே இன்னொன்று தெரிந்தது. விழுந்தால் மறுபடி கிளப்பு என்று யூனிட்டில் எழுதியிருந்தேன், ஆனால் எவ்வளவு இடைவெளி என்று எழுதவில்லை. இயல்பான இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்கு. பத்து நொடிக்குள் ஐந்து முறை கிளம்பி விழுந்துவிட்டால், இனி முயற்சிக்க மாட்டேன் என்று சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஒயர் லேசாகக் கழன்று, அண்ணன் அதை ஒரு நிமிடத்தில் செருகினாலும் சர்வீஸ் அதற்குள் செத்துக் கிடக்கும். இடைவெளியை 5 நொடி ஆக்கினேன். பிடுங்கினேன், இரண்டு நிமிடம் கழித்துச் செருகினேன், தானாக எழுந்து எடை காட்டியது.

என் மாமா பென்னாகரம் பக்கம் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். ஒகேனக்கல் தண்ணீர் வந்ததிலிருந்து அவர்தான் வால்வு திறந்துவிடுவார். அந்தப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு, பல் கறைபட்ட தலைமுறையை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், ஆகவே அந்தத் தண்ணீர் வராத நாள் அங்கே பெரிய விஷயம். மாமா வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவின் கடைசிக் குழாய்க்குப் போவார். அங்கே சொட்டியதும்தான் திரும்புவார். அவரிடம் "தண்ணி விட்டாச்சா?" என்று கேட்டால், வால்வு திறந்த உடனே ஆச்சு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

என் பிளேபுக் வால்வு திறந்ததையே தண்ணீர் விட்டாச்சு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் ஹேண்ட்லருக்குப் பிறகு கடைசிக் குழாய்க்குப் போகும் டாஸ்க்கை ஒவ்வொரு சர்வீஸுக்கும் எழுதிவருகிறேன். வெப் என்றால் ஒரு பக்கத்தைக் கேட்டு, சரி என்று பொருள்படும் 200 வருகிறதா. டேட்டாபேஸ் என்றால் கனெக்ஷன் ஏற்கிறதா. எடை மேடை என்றால், நிரல் கடைசியாக எழுதிய எடைக் கோப்புக்குப் பத்து நொடிக்கு மேல் வயதாகிவிட்டதா. காலி மேடையிலும் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால் இது சரிவரும். ஐந்து நொடி இடைவெளியில் ஆறு முறை பார்க்கும், வராவிட்டால் பிளே சிவப்பாகிவிடும். குளிர்கிடங்கு நான்கு பெட்டிக்கும் ஆன்சிபிளின் சீரியல் அமைப்பை ஒன்று என்று, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் என்று, வைத்திருக்கிறேன். முதல் பெட்டி தேறாவிட்டால் மற்ற மூன்றையும் தொடாது.

23.05.2025, காலை 8:00

பர்கூர் நண்பர் ஒருவர்: "பிளேபுக்கே ஓட்டவில்லை, ஆனாலும் காலையில் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. யார் செய்தது?"

உபுண்டுவா? அப்படியானால் தானியங்கி அப்டேட்டைப் பாருங்கள். அதன் டைமர் காலை 6 மணி, அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும். போஸ்ட்கிரெஸின் பாதுகாப்பு அப்டேட் வந்திருந்தால் பேக்கேஜே சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும். எங்களுக்குக் காலை 6 முதல் 7 என்பது வண்டி வரிசை நீளும் நேரம். டைமரை இரவு 2 மணிக்கு நகர்த்திவிட்டேன், அதையும் ஆன்சிபிளிலேயே. அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

17.06.2025, பின்னிரவு 1:50

விடிந்தால் மாதாந்திர மின் பராமரிப்பு. கடைசி லாரி 12:40-க்கு இறங்கியது. பிளேபுக்கை முழுக்க ஓட்டிவிட்டு, இந்த முறை வாசல் பக்கத்துப் பெட்டிகளை நானே ரீபூட் செய்தேன். போன வருடம் கரண்ட் போய் வந்தபோது தெரிந்தது, இன்றைக்கு இரவிலேயே தெரிந்துவிடட்டும் என்று. எடை மேடைப் பெட்டி எழுந்து, சர்வீஸ் வந்து, முதல் பூஜ்யம் எழுதப்பட்டதுவரை 48 நொடி. மேடையில் நானே ஏறி நின்றேன். அவ்வளவு சிறிய எடையை அந்த மேடை சரியாகக் காட்டாது, ஆனால் எண் அசைந்தது.

சோதனைக்கூடப் பெட்டி ஒன்று மட்டும் தேறவில்லை. எனேபிள் விட்டுப்போயிருந்தது. திருத்தி, மறுபடி ரீபூட் செய்து, பார்த்துவிட்டேன்.

17.06.2025, மதியம் 12:15

காலை 9:05-க்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் வழக்கம்போல அணைந்தது, இப்போது வாசல் அறைக்கும் ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறது, ஆனால் மாற்றும்போது பெட்டி ஒருமுறை விழுந்து எழுந்தது. நான் ஆபீஸில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது, வாசலிலிருந்து அழைப்பு இல்லை. 11:20-க்கு நானே எடை மேடை அண்ணனைக் கூப்பிட்டு, எடை வருகிறதா என்று கேட்டேன்.

"வண்டி மேடையில நிக்குது தம்பி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.